வாங்கும் காணியும் அதன் மண்ணும்

எமது கல்லூரியின் பவள விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கத்தார் மேற்கொண்டுள்ள பணிகள் பல. அவற்றுள் தலையாயது, கல்லூரியின் கீழைமதிலை அடுத்துக் கிடக்கும் காணியை விலைக்கு வாங்கிக் கீழ்ப்பிரிவுச் சிறுவர்க்கு விளையாட்டிடம் அமைத்துக் கொடுக்கும் பணியாகும். இட நெருக்கடியின் கொடுமையை நாள்தோறும் கண்டுவரும் எமக்கு இம்முயற்சி எத்துணை மகிழ்ச்சி தருவது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இடைவேளை மணி அடித்ததும் ஒரே முற்றத்தில் அத்தனை சிறுவரும் முட்டி மோதி ஓடுகின்றனர். முழங்கால் சிராயாத வாரம் ஒன்றில்லை. கடல் கடந்து வாழும் பழைய மாணவரும் உள்ளூரிலுள்ளோரும் மனமுவந்து பொருளுதவி செய்து வருகின்றனர். இந்நிலையில் அக்காணியைப் பற்றி வேறொரு சொல் சொல்லப் புகுவது நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பது போலத் தோன்றுதல் கூடும். அங்ஙனம் கருதற்க என அன்பர்களை வேண்டிக்கொண்டு தொடங்குகின்றோம். காணியை வாங்க வேண்டாம் என்பது எமது கட்சியன்று. அதன் மண்ணைச் சோதித்து, சிறுவர் கைபடுதற்குத் தகுந்ததாக்கிய பின்னரே திறந்துவிட வேண்டும் என்பதும், 'தகுந்தது' என்பதற்குக் கடுமையான அளவொன்றை முன்னதாகவே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதுமே எமது கட்சி.

அக்காணியைப் பழைய மாணவர் பலரும் 'கராச்சுக் காணி' என்றே அறிவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மோட்டார் வண்டித் திருத்தகம் ஒன்று நடைபெற்றது. முன்புறத்தில் வண்டிகள் கழற்றப்பட்டன. கழிவெண்ணெய் வேலியோரக் குழியில் ஊற்றப்பட்டது. பின்புறக் கொட்டிலில் பழைய பற்றறிகளை உடைத்து, ஈயத் தகடுகளை எடுத்து உருக்கி, மீண்டும் வார்த்துப் பொருத்தும் வேலை நடந்தது. நாம் இக்கல்லூரியில் மாணவராயிருந்த காலத்தில், மதிலுக்கு மேலால் வந்த புளித்த நெடியும், கந்தகவமிலம் ஊற்றிய இடத்தில் புல் முளையாது வெளிறிக் கிடந்த நிலமும் இன்றும் எம் நினைவில் உள்ளன. அத்தொழிலாளியைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. பொருளாதாரத் தடையிருந்த 1990களில் புதிய பற்றறி ஒன்றைக் குடாநாட்டிற் காண்பதே அரிது. எமது ஊரிற் பேசிய வானொலிகளுட் பல அவர் கையாற் பிழைத்தவை. ஊருக்கு உதவிய தொழிலொன்று தன் காலடி மண்ணில் எதை விட்டுச் சென்றது என்பதே இங்கு வினா. தொழில் நின்று ஆண்டுகள் பல கழிந்தன. கொட்டிலும் சரிந்து விட்டது. இன்று பார்ப்பவர்க்கு அது பற்றை மண்டிய வெறுங்காணி. ஓர் ஆடு மேயும் இடம்.

தமிழாசிரியருக்கு ஈயத்தைப் பற்றி என்ன பேச்சு என்று எமது இரசாயன ஆசிரியர் நகைத்தார். பின்னர் அவரே படிக்க வேண்டியவற்றையெல்லாம் தேடித் தந்தார். கீழே சொல்லப்படும் எண்களைச் சரிபார்த்தவரும் அவரே.

பள்ளிக்கூடத்துக்கென வாங்கிய நிலத்தின் கதையொன்று உலகறிந்தது. ஐக்கிய அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தில், வெட்டத் தொடங்கி இடையிற் கைவிடப்பட்ட கால்வாய் ஒன்று உண்டு. லவ் என்பார் தொடங்கியதாகலின் அது லவ் கால்வாய் எனப்பட்டது. 1942 முதல் 1953 வரை ஓர் இரசாயனக் கம்பனி அக்குழியிற் தன் கழிவுகளை, ஏறத்தாழ 21,000 தொன் அளவில், கொட்டிப் புதைத்தது. 1953இல் நகரத்துக் கல்விச் சபை பள்ளிக்கூடம் கட்ட இடம் தேடிய வேளை, அந்நிலம் அதற்கு விற்கப்பட்டது. விலை ஒரு டொலர். இரசாயனக் கழிவுகள் நிலத்தினுட் கிடக்கின்றன என்பதும், பின்னர் எவர்க்கு எத்தீங்கு நேரினும் விற்றவர் பொறுப்பல்லர் என்பதும் உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தன. சபையார் அதை ஏற்றுக் கையொப்பமிட்டனர். பள்ளிக்கூடம் எழுந்தது; சுற்றிலும் வீடுகள் எழுந்தன. இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 1978 ஓகத்து மாதத்தில், பள்ளிக்கூடம் மூடப்பட்டது, சனாதிபதி காட்டர் அவசர நிலையை அறிவித்தார், குடும்பங்கள் குடியெழுப்பப்பட்டன. தம் மகன் அப்பள்ளிக்குச் சென்று நோயுற்றதைக் கண்ட லொயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசியே அயலாரைத் திரட்டி அப்போராட்டத்தை நடத்தினார். கைவிடப்பட்ட நச்சு நிலங்களைத் துப்புரவாக்கவும், நஞ்சிட்டவரிடமே செலவை அறவிடவும் அந்நாட்டிற் சட்டம் வந்தது 1980 டிசம்பரில்.

எமது கராச்சுக் காணியை லவ் கால்வாயோடு ஒப்பிடுதல் மடுவை மலையோடு ஒப்பிடுதல் போலாகும். ஒப்பிட நாம் வரவில்லை. அவ்வுறுதியை மட்டுமே அன்பர்கள் கவனிக்க வேண்டும். அங்கே எவரும் ஏமாற்றப்படவில்லை. எழுதியிருந்ததைப் படித்தே வாங்கினர். எமது காணியின் உறுதியிலோ எல்லையும் பரப்பும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் உண்டு. அங்கு என்ன தொழில் நடந்தது என்று ஓர் எழுத்தும் இல்லை. நாம் அறிந்திருப்பது நெடியை நுகர்ந்த காரணத்தால். இன்னும் இருபது ஆண்டில் அதை நுகர்ந்தவரும் இரார்.

நிற்க. ஈயம் ஏன் சிறுவர் திறத்து இத்துணை அச்சத்துக்குரியது? வளர்ந்தோன் ஒருவன் உட்கொள்ளும் ஈயத்திற் பெரும் பங்கு கழிவோடு வெளியேறி விடுகின்றது. சிறு குழந்தையின் குடலோ அதனிற் பன்மடங்கை ஈர்த்துக் கொள்கின்றது. உடலினுட் சென்ற ஈயம் சுண்ணாம்புச் சத்துப் போல வேடமிட்டு எலும்பிலும் பல்லிலும் தங்கும். வளரும் மூளையைத் தீண்டும். 1979இல் ஹேபட் நீடில்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பொஸ்ரன் நகரை அடுத்த பள்ளிக்கூடங்களின் முதலிரு வகுப்புச் சிறுவரிடம் விழுந்த பாற்பற்களைச் சேர்த்து, அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். அச்சிறுவர் எவர்க்கும் வெளிப்படையான நோயில்லை. எனினும் பல்லில் ஈயம் மிக்கவர் அறிவுச் சோதனையிற் பின்னின்றனர். அவர் அதனோடு நில்லாது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவரைப் பற்றி அவர்தம் வகுப்பாசிரியரிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார். இவன் கவனம் சிதறுபவனா, தொடங்கியதை முடிப்பவனா, சொன்னதைக் கேட்டு நடப்பவனா என்பன போன்ற வினாக்கள். பல்லில் ஈயம் ஏற ஏற ஆசிரியரின் குறைகூறலும் ஏறிச் சென்றது. பல்லைப் பற்றி அவ்வாசிரியர்க்கு எதுவும் தெரியாது.

இதைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை என்பதை ஒளிப்பானேன்? 'கவனக் குறைவு', 'முயற்சி போதாது' என்று தேர்ச்சி அறிக்கைகளில் இருபது ஆண்டாக எழுதி வந்த கை இது. அவர்களுள் எவர்க்கும் ஈயமே காரணம் என்று சொல்லும் துணிவு எமக்கில்லை, சொல்வது நேர்மையுமன்று. ஆயினும் எமது மதிலோரத்தில் இருந்த வகுப்பறை எது என்பது எமக்குத் தெரியும்.

இனி, அளவு என்னும் பொருளுக்கு வருவோம். இதுவே எமது கட்டுரையின் மையம். அளவு என்பது கல்வெட்டன்று என்பதை ஈயத்தின் வரலாறே காட்டுகின்றது. அமெரிக்க நாட்டார் 1960களிற் குழந்தையின் குருதியில் ஒரு தெசிலீற்றருக்கு 60 மைக்கிரோகிராம் வரை ஈயம் இருக்கலாம் என்று கருதினர். 1991இல் அது 10 ஆயிற்று; 2012இல் 5 ஆயிற்று; 2021இல் 3.5 ஆயிற்று. இன்று உலக சுகாதார நிறுவனம் தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்றே சொல்கின்றது. மண்ணின் கதையும் அதுவே. குழந்தைகள் விளையாடும் மண்ணில் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராமும், முற்றத்தின் ஏனைய பகுதியில் 1,200 மில்லிகிராமும் அந்நாட்டார் 2001இல் வகுத்த எல்லைகள். வீட்டுமண்ணைச் சோதித்து நோக்கும் வழிகாட்டி அளவு நெடுங்காலம் 400 ஆகவே இருந்து, 2024 சனவரியில் 200 ஆகக் குறைக்கப்பட்டது. கலிபோர்ணியா மாநிலம் அதற்கு முன்னரே 80 என வகுத்துக்கொண்டது. மண் மாறவில்லை, ஈயமும் மாறவில்லை, அறிவு வளர்ந்தது, அளவு தாழ்ந்தது. ஒவ்வொரு முறையும் தாழ்ந்ததேயன்றி, முன்னே கூறியது மிகையான அச்சம் என்று உயர்த்தப்பட்டதை நாம் காணவில்லை. எனவே இன்றைய அளவில் தளர்ந்ததொன்றைத் தேடிப் பிடித்து அதன் கீழ் ஒதுங்குபவன், நாளை வெயிலில் நிற்பான்.

இவ்வெண்கள் வெற்றெண்களாய்த் தோன்றுவோர்க்கு ஒரு சிறு கணக்கு. மண்ணில் விளையாடும் சிறு குழந்தை கைவழியாகவும் தூசிவழியாகவும் ஒரு நாளில் 200 மில்லிகிராம் மண் உட்கொள்ளும் என்று கொண்டு கணக்கிடுதல் நச்சியல் வல்லுநர் வழக்கம். இரு விரலால் எடுக்கும் உப்பிலும் குறைந்த அளவு அது. கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயமுள்ள மண்ணாயின், அச்சிட்டிகையோடு 80 மைக்கிரோகிராம் ஈயம் உட்செல்லும். 80 மில்லிகிராமுள்ள மண்ணாயின் 16 மைக்கிரோகிராம். ஒரு நாளுக்கன்று, பள்ளி நடைபெறும் நாளெல்லாம்.

பற்றறி உருக்கிய மண்ணோ இவ்வெல்லைகளின் அருகில் நிற்பதன்று. செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறத்தே தியாரோய் என்னும் ஊரில், பழைய பற்றறி ஈயம் கலந்த மண்ணை அரித்தெடுத்து விற்று வந்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரையுள்ள குறுகிய காலத்தில் அங்கே 18 குழந்தைகள் ஈய நஞ்சினால் இறந்தனர். எமது காணியில் அத்துணை ஈயம் இருக்கின்றது என்று நாம் கூறவில்லை. எவ்வளவு இருக்கின்றது என்று எவரும் பாராமல் இருக்கின்றனர் என்றே கூறுகின்றோம்.

குடாநாட்டு மண்ணின் இயல்பும் இங்கு எண்ணத்தக்கது. மேலே சில அடிச் செம்மண். கீழே வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். அதனுள்ளே எமது குடிநீர். ஈயமானது சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் எளிதிற் கரைந்து கீழிறங்குவதன்று; மேற்படையிலேயே ஒட்டிக் கிடக்கும். கிணற்றுக்கு அது ஓரளவு நன்மை. தரையிற் குந்தியிருந்து மாபிள் அடிக்கும் சிறுவனுக்கு அதுவே கேடு. கழிவெண்ணெயும் எரிபொருளும் அங்ஙனமல்ல. அவை மழையோடு சுண்ணக்கல் வெடிப்பினுட் புகுந்து அயற்கிணறுகளை நாடும். சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியும், 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்ததும், குடிநீர்த் தாங்கிகள் ஊர் ஊராய்ச் சென்றதும் அன்பர்கள் மறந்திரார். நாட்டின் உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரலில் அவ்வழக்கில் தீர்ப்பளித்து, மாசு செய்தவரே அதன் செலவைத் தாங்க வேண்டும் என்னும் நெறியின்படி இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. தீர்ப்பு நற்றீர்ப்பு. ஆயினும் எண்ணெய் கிணற்றைச் சென்றடைந்த பின் வந்த தீர்ப்பு.

காணியைப் 'பார்வைக்கு' ஒழுங்காக்கும் பொருட்டு மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு இரு நாட் சிரமதானம் நடத்தலாம் என்னும் யோசனை சென்ற கூட்டத்தில் எழுந்தது. எமது மனம் மிகவும் பதறியது இவ்விடத்திற்றான். பற்றை வெட்டி, மண் கொத்தி, குப்பைக்குத் தீயிட்டு, தூசியெழக் கூட்டிப் பெருக்குவது ஏனைய இடத்தில் நற்பணி. இங்கே, அடங்கிக் கிடப்பதை எழுப்பிவிடும் பணி. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் கோபி என்னும் ஊர் உருக்காலையால் வாழ்ந்த ஊர். 1980இல் உருக்கு வார்ப்பது நின்றது. நகரசபையார் நல்லெண்ணத்தோடு அப்பெருநிலத்தை வாங்கி, கழிவுகளைத் தோண்டியகற்றி, வீடுகளும் கடைகளும் அமைக்கத் திட்டமிட்டனர். நச்சுச் சேறு மூடியில்லாத லொறிகளில் ஊர் வீதிகளினூடாக ஆண்டுக்கணக்கிற் சென்றது, வழியெல்லாம் சிந்தியது, காய்ந்தது, தூசியாய்ப் பறந்தது. அக்காலத்திற் கருவுற்றிருந்த தாய்மார் சிலரின் குழந்தைகள் கைவிரல் கால்விரல் குறைபட்டுப் பிறந்தனர். தாய்மார் விடாது வழக்காடினர். 2009 யூலையில் இலண்டன் மேல் நீதிமன்றம் நகரசபை கவனயீனமாய் நடந்துகொண்டது என்று தீர்த்தது. மறு ஆண்டு இழப்பீட்டுக்குச் சபை இசைந்தது. துப்புரவாக்கப் புறப்பட்ட செயலே நஞ்சைப் பரப்பிற்று. ஆதலின் துப்புரவுக்கான அளவென்பது ஈற்றில் மண்ணில் எஞ்சுவது எவ்வளவு என்பதை மட்டும் குறிப்பதாய் இருத்தலாகாது. துப்புரவு நடக்கும் நாளிற் காற்றில் எழுவது எவ்வளவு, மூடிய வண்டியா, நனைத்த மண்ணா, யார் அருகே நிற்கின்றனர் என்பவற்றையும் அது கட்டுப்படுத்த வேண்டும். சிரமதான யோசனை கைவிடப்பட்டது எமக்குப் பெரும் ஆறுதல்.

எமது கருத்துக்கு எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், எமது வகுப்புத் தோழர், "நாங்களும் உந்த மண்ணிலைதானே பந்து பொறுக்கினனாங்கள், மாஸ்ரர்! எங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். என்ன நடந்தது என்று எவரும் அளந்து பாராமையால் விடை எமக்கும் தெரியாது, அவர்க்கும் தெரியாது. அவர் வாழும் நாட்டிற் தம் பேரப்பிள்ளையின் பள்ளிக்கு இத்தகைய காணியை வாங்கினால் மண் அறிக்கை கேளாமல் விடுவாரா என்று திருப்பிக் கேட்டோம். சிரித்தார், பின்னர்ச் சோதனைச் செலவிற் பாதியைத் தாம் ஏற்பதாகச் சொன்னார்.

மற்றொரு வாதம் இதனினும் கனமுடையது. அளவைக் கடுமையாக்கினால் துப்புரவுச் செலவு காணி விலையையே மிஞ்சும். பின் எவரும் பழைய தொழில் நிலங்களைத் தொடமாட்டார். அவை பற்றைக் காடாய்க் கிடக்க, புதிய ஆலைகள் தோட்டக் காணிகளை விழுங்கும் என்பது. இது வெறும் சாக்கன்று. ஒல்லாந்தர் இதைப் பட்டறிந்தவர். 1980இல் அவர் நாட்டில் லெக்கர்கெர்க் என்னும் ஊரில், இரசாயனப் பீப்பாய்கள் புதைந்த நிலத்தின் மேல் இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. அதன் பயனாக 1983இற் சட்டம் வந்தது. எந்த நிலமாயினும் எந்தப் பயனுக்கும் உகந்ததாகும் வரை அதைத் தூய்மையாக்க வேண்டும் என்பதே அவர்தம் முதற்கொள்கை. செலவு தாங்கவொண்ணாதாயிற்று, 1990களில் அக்கொள்கையைத் தளர்த்தி, இன்ன பயனுக்கு இன்ன அளவு என்னும் முறைக்கு வந்தனர்.

நாமும் அம்முறையை முற்றாக மறுப்பவரல்லேம். கராச்சு நிலம் மீண்டும் கராச்சாகவே இருக்குமாயின், மேலே சீமெந்துத் தளமிட்டு, உறுதியில் உண்மையை எழுதிவைத்து, இலேசான அளவோடு விடலாம். ஆனால் நிலத்தின் பயன் நிலையானதன்று. இன்று வண்டி நிறுத்துமிடம், நாளை முன்பள்ளி. இந்தியானா மாநிலத்தில் கிழக்குச் சிக்காகோ என்னும் நகரில், ஈயம் உருக்கிய ஆலை நின்ற இடத்திலேயே 1972இல் ஏழைகளுக்கென வீட்டுத் தொகுதி கட்டப்பட்டது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் அதிற் குடியிருந்த பின், 2016இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், அவருட் பெரும்பாலோர் சிறுவர், வீட்டை விட்டுப் போகுமாறு சொல்லப்பட்டனர். மண்ணிலுள்ள ஈயம் அத்துணை. அயலிலிருந்த ஆரம்பப் பள்ளியும் அவ்வாண்டே வேறிடம் பெயர்ந்தது. கட்டியபோது எவரும் கேளாத வினாவின் விலை அது.

எண்ணை யார் குறிப்பது என்பதும் சிறு வினாவன்று. தமிழகத்துக் கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை, இரசக் கழிவை வெளியே விட்டமை வெளிப்பட்டதால், 2001இல் மூடப்பட்டது. ஆலை நிலத்தின் மண்ணில் எவ்வளவு இரசம் எஞ்சலாம் என்னும் வழக்கு அதன் பின் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கம்பனிக்கு இசைந்த அளவு. அக்கம்பனியின் தாய்நாட்டிலாயின் இதனை ஏற்பார்களா என்பது மக்கள் தரப்பின் கேள்வி. மேலும் தோண்டினால் மரங்களும் சரிவு நிலமும் கெடும் என்பது கம்பனியின் மறுமொழி. இரு தரப்பிலும் பொருளுண்டாயினும், ஆலை மூடிய பின் எண்ணைப் பேரம் பேசத் தொடங்கியதே முதற்பிழை என்பது எமது துணிபு. விதை நாளில் வேலியை எண்ணாதவன் அறுவடை நாளில் ஆட்டோடு வழக்காடுகின்றான்.

நம் நாட்டின் 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் நல்ல சட்டம். ஆலை நடத்துவோன் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். வெளியேறும் கழிவுநீருக்கு அளவுகள் உண்டு. எனினும் அச்சட்டத்தின் கண் பெரிதும் ஓடுகின்ற ஆலையின் மீதே நிற்கின்றது. ஆலை நின்று, அனுமதிப்பத்திரம் காலாவதியாகி, காணி கைமாறும் நாளில், மண்ணைப் பற்றி வாங்குவோனுக்கு உண்மை சொல்லும் கடப்பாட்டை விற்போன் மேல் தெளிவாய்ச் சுமத்துதல் வேண்டும். குடாநாட்டிற்கும் வன்னிக்கும் இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது. பரந்தன் இரசாயன ஆலையும் போரோடு ஓய்ந்தது. அவ்விடங்களில் மீண்டும் கைத்தொழில் தொடங்கும் பேச்சு எழுகின்றது, எழுவது நன்றே. அப்பேச்சோடு பழைய மண்ணைப் பற்றிய பேச்சும் எழவேண்டும். சட்டமியற்றுவோரும் நிருவாக சேவையாளரும் எமது பழைய மாணவருள் உளர். அவர் கண்ணில் இம்மலர் படும் என்னும் ஆசையினாலேயே இதனை எழுதினோம்.

எமது காணிக்கு மீள்வோம். பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் இது. விலையுறுதி முடியுமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும். சோதிப்பவர் விற்பவரால் அமர்த்தப்பட்டவராயிருத்தல் கூடாது. காணியைச் சிறு கட்டங்களாய்ப் பிரித்து ஒவ்வொன்றிலும் பல இடத்து மேல்மண்ணைக் கலந்தெடுக்க வேண்டும். கொட்டில் நின்ற மூலையிலும் எண்ணெய்க் குழியிலும் ஆழத்து மண்ணும் வேண்டும். மதிலுக்கு இப்பாலுள்ள எமது பழைய வகுப்பறை முற்றத்தையும் விட்டுவிடலாகாது. ஈயத்துக்கு எமது அளவாகக் கிலோவுக்கு 80 மில்லிகிராமை இப்போதே தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டும். அறிக்கை வந்த பின் அளவைத் தேடுவோமாயின், அறிக்கைக்கு ஏற்ற அளவையே காண்போம். மிஞ்சிய இடத்தில் அமெரிக்க வழக்கப்படி குறைந்தது ஓரடி மண்ணை அகற்றி, அடையாள வலை விரித்து, நன்மண் இடலாம். மரக்கறித் தோட்டம் போடுமிடத்தில் இரண்டடி. அகற்றிய மண் எங்கே செல்லும் என்பதற்கு எழுத்தில் விடை வேண்டும். கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழியொன்றிற் கொட்டலாம் என்று ஒப்பந்தகாரர் ஒருவர் இலகுவாய்ச் சொன்னார். அக்குழியின் அடியிற் கிடப்பது எமது நிலத்தடி நீர். அயலூர்ப் பிள்ளைகளும் பிள்ளைகளே.

இவ்வளவுக்கும் மைதானம் திறப்பது ஓராண்டு பிந்தலாம். விழாவன்று நாடா வெட்ட அழைக்கப்பட்ட பெரியவருக்கு இது சற்று மனத்தாங்கல் என்று அறிகின்றோம். அவரிடம் நாமே நேரிற் சென்று பேசவிருக்கின்றோம். அவர் எமக்கு ஆறாம் வகுப்பிற் கணக்குக் கற்பித்தவர், எண்ணைக் கண்டால் இரங்குவார்.

மண் எடுப்பது மாரி தொடங்குமுன், ஆவணி விடுமுறையில் நடைபெறவுள்ளது. உயர்தர வகுப்பு இரசாயன மாணவர் சிலர் உடன்வர விரும்பினர். கையுறையும் முகமூடியும் அணிந்து, மதிலுக்கு இப்புறம் நின்று பைகளுக்கு இலக்கமிட மட்டும் அதிபர் அவர்க்கு அனுமதி அளித்துள்ளார்.